பாப்பாவுக்கு அப்பா எழுதுவது

மதுரை
ஜூலை 2

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். பெரிய மாப்பிள்ளைக்கு முட்டுவலி கொஞ்சம் தேவலை. கல்யாணப் பத்திரிகையைக் கூரியரில் அனுப்பி இருபது நாள் ஆகிறது. வந்ததா என்று கேட்பதற்காக இதை எழுதவில்லை. வீட்டில் கொடுத்தாயிற்று என்று பேரன் போனிலேயே பார்த்துச் சொல்லிவிட்டான்.

தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போடு. காபி குடித்துவிட்டுப் போட்டால் கேட்காது. ராத்திரி ஷிப்ட் முடிந்து தூக்கக் கலக்கத்தோடு வண்டி ஓட்டாதே.

நேற்று ஜூலை 1. ஹாலிவுட் நடிகை ஒலிவியா டி ஹாவிலண்ட் பிறந்தநாள். நம் வீட்டில் வேறு எந்தத் தேதி மறந்தாலும் இது உங்கள் இரண்டு பேருக்கும் மறக்காது. "இன்னிக்கு உங்க அப்பாவோட வெள்ளைக்காரிக்குப் பிறந்தநாள்டி" என்று உன் அம்மா கேசரி கிளறுவாளே. நேற்று உன் அக்கா கிளறினாள். ஒன்றும் பேசவில்லை, கிண்ணத்தை மட்டும் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தாள். முந்திரி கொஞ்சம் தீய்ந்திருந்தது.

பேரன் அவனுடைய போனில் அந்தம்மாவின் போட்டோ ஒன்றைக் காட்டினான். 103-ஆவது பிறந்தநாளுக்கு எடுத்தது. மூன்று சக்கர சைக்கிளில் உட்கார்ந்து சிரிக்கிறார். 1916-ல் டோக்கியோவில் பிறந்தவர், 2020 ஜூலையில் பாரிஸ் வீட்டில் தூக்கத்திலேயே போனார். 104 வயது. 'கான் வித் த விண்ட்' படத்தில் முக்கியமான நாலு பேரில் செத்துப்போகிற பாத்திரம் மெலனி ஒருத்திதான். நிஜத்தில் லெஸ்லி ஹோவர்ட் 1943-லேயே விமானத்தோடு போனார், கிளார்க் கேபிள் 1960-ல், விவியன் லீ 1967-ல். மெலனியாக நடித்த ஒலிவியா அதற்குப் பிறகும் 53 வருஷம் இருந்தார்.

நான் தியேட்டரில் அசிஸ்டென்ட் ஆபரேட்டராக இருந்தபோது அந்தப் படம் திரும்ப வந்து ஒரு வாரம் ஓடியது. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைந்த படம். ஒரு ரீல் இருபது நிமிஷம் வந்தால் அதிகம். இரண்டு மெஷின். ஒன்றில் ஓடும்போது மற்றதில் அடுத்த ரீலை மாட்டி, கார்பன் குச்சியைப் பற்றவைத்துத் தயாராக நிற்க வேண்டும். திரையின் வலது மேல் மூலையில் ஒரு சின்ன வட்டம் கண் சிமிட்டுகிற மாதிரி வந்து போகும். அதைப் பார்த்ததும் அடுத்த மெஷினின் மோட்டாரைப் போட வேண்டும். ஏழெட்டு செகண்டில் இரண்டாவது வட்டம் வரும். அப்போது மாற்ற வேண்டும். தவறினால் திரை வெள்ளையாகிவிடும், கீழே விசில் பறக்கும். படம் பார்க்கிறவர்கள் யாருக்கும் அந்த வட்டம் தெரியாது. ஆபரேட்டருக்கு அது மட்டும்தான் தெரியும். அதனால் அந்த வாரம் முழுக்க நான் பார்த்தது பாதி மெலனியின் முகம், பாதி அந்த மூலை. உங்கள் இரண்டு பேரையும் கேபினுக்குக் கூட்டிப்போய் இதைக் காட்டியிருக்கிறேன். நீதான் முதலில் "அதோ!" என்று கத்துவாய். அக்கா பார்த்திருப்பாள், ஆனால் நீ கத்தட்டும் என்று விட்டுவிடுவாள்.

அந்தப் படம் எடுக்கும்போது டைரக்டரை நடுவில் மாற்றிவிட்டார்கள். முதலில் இருந்த ஜார்ஜ் கூகரிடம் ஒலிவியா ரகசியமாகப் போய்ப் பாடம் கேட்டு வந்தார். விவியன் லீயும் அப்படியே ரகசியமாகப் போய் வந்திருக்கிறார். இவர் போவது அவருக்குத் தெரியாது, அவர் போவது இவருக்குத் தெரியாது. அம்மாவிடம் நீயும் அக்காவும் தனித்தனியாகப் பரீட்சைக் கட்டணம் வாங்கிய கதை மாதிரி.

ஒலிவியாவின் கோர்ட் கதையை உனக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறேன். இன்னொரு தடவை சொன்னால் குடி முழுகிப் போகாது. வார்னர் பிரதர்ஸ் கம்பெனியோடு ஏழு வருஷ ஒப்பந்தம். கொடுக்கிற வேஷத்தை வேண்டாம் என்றால் சம்பளத்தை நிறுத்திவிட்டு, சும்மா இருந்த நாட்களை ஒப்பந்தத்தின் வாலில் சேர்த்துவிடுவார்கள். இவருக்கு ஏழு வருஷம் முடிந்த பிறகும் ஆறு மாதம் பாக்கி என்றார்கள். 1943-ல் கேஸ் போட்டார். இவருக்கு முன்னால் நடிகை பெட்டி டேவிஸ் 1936-ல் லண்டனில் அதே கம்பெனியோடு மோதித் தோற்றிருந்தார். கம்பெனி முதலாளி ஜாக் வார்னர் மற்ற ஸ்டூடியோக்களுக்கெல்லாம் சொல்லி இவருக்கு வேலை கிடைக்காமல் செய்தார். இரண்டு வருஷம் சும்மா இருந்தார் அந்தம்மா. 1944 கடைசியில் கலிபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது, ஏழு வருஷம் என்றால் காலண்டரில் ஏழு வருஷம்தான் என்று. இன்றைக்கும் அதை டி ஹாவிலண்ட் சட்டம் என்றுதான் சொல்கிறார்கள்.

உன் முதல் கம்பெனியில் பாண்டு பேப்பரைக் காட்டி மிரட்டினார்களே, 23 வயதில் நீ தனியாக நின்றாயே, அப்போது எனக்கு இந்தக் கதைதான் ஞாபகம் வந்தது. தெருவில் எல்லோரிடமும் சொன்னேன். உன்னிடம்தான் சொல்லவில்லை. "வாயை மூடிக்கொண்டு அக்கா மாதிரி பேங்க் பரீட்சை எழுதியிருக்கலாம்" என்றேன்.

மாத்திரை விஷயம் மறக்காதே. பையனுக்குக் காது குத்தவில்லை என்று உன் மாமியார் இங்கே போன் செய்து குறைப்பட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. குத்தலாம்.

ஒலிவியாவுக்கு ஒரு தங்கை உண்டு, ஜோன் ஃபான்டெய்ன். உங்களிடம் அவரைப் பற்றி நான் அதிகம் பேசியதில்லை. அக்காவைவிடப் பதினைந்து மாதம் சின்னவர். அவரும் டோக்கியோவில் பிறந்தவர்தான். 1919-ல் அம்மாக்காரி இரண்டு குழந்தைகளையும் கலிபோர்னியாவுக்குக் கூட்டி வந்துவிட்டார், அப்பன் ஜப்பானுக்கே திரும்பிப் போய்விட்டான். தங்கை நடிக்க வந்தபோது, டி ஹாவிலண்ட் என்ற பெயர் அக்காவுக்கு, நீ வேறு பெயர் வைத்துக்கொள் என்று அம்மா சொல்லிவிட்டாராம். மாற்றாந்தகப்பன் பெயரைத்தான் வைத்துக்கொண்டார். அக்காவின் யூனிபார்மைப் பிடித்துத் தைத்துப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போன உனக்கு இது புரியும். அக்கா ஓட்டிய சைக்கிள், அக்கா கோடு போட்ட புத்தகம். புதிதாக ஒன்று வாங்க அப்போது முடியவில்லை. சரி, ஒரு தீபாவளிக்காவது முடிந்திருக்கும். எனக்குத் தோன்றவில்லை.

1942 ஆஸ்கரில் அக்கா, தங்கை இரண்டு பேர் பெயரும் சிறந்த நடிகைப் பட்டியலில் இருந்தது. தங்கைக்குக் கிடைத்தது, ஹிட்ச்காக் படத்துக்கு. அந்த மனிதர் எடுத்த அத்தனை படத்திலும் நடிப்புக்கு ஆஸ்கர் வாங்கியவர் ஜோன் ஒருவர்தான். 1947-ல் அக்காவின் முறை வந்தது. தங்கை வாழ்த்துச் சொல்லக் கிட்டே போனார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அதைப் போட்டோ எடுத்துப் பத்திரிகையில் போட்டுவிட்டார்கள். நான் அந்தம்மாவின் பக்கம்தான், அது உனக்குத் தெரியும். ஆனால் அந்தப் போட்டோவை மட்டும் என் நோட்டில் ஒட்டவில்லை.

அதற்குப் பிறகும் போக வர இருந்திருக்கிறார்கள். அறுந்தது 1975-ல். அவர்களுடைய அம்மா அந்த வருஷம் புற்றுநோயில் இறந்தார். அஞ்சலிக் கூட்டத்துக்கு அக்கா தன்னைக் கூப்பிடவில்லை என்றார் தங்கை. சொன்னோம், அவளுக்கு வேலை இருந்ததால் வரவில்லை என்றார் அக்கா. எனக்குத்தான் முதலில் கல்யாணம் ஆனது, ஆஸ்கரும் எனக்குத்தான் முதலில், நான் முதலில் செத்தாலும் அதற்கும் அக்காவுக்குக் கோபம் வரும் என்கிற மாதிரி தங்கை ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். அப்படியே ஆனது. 2013 டிசம்பரில் தங்கை போனார், 96 வயதில். அதிர்ச்சியும் வருத்தமும் அடைந்ததாகப் பாரிஸிலிருந்து அக்கா அறிக்கை விட்டார். 38 வருஷம், பாப்பா. கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

அந்த வீட்டில் அப்பன் இல்லை. யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்று சொல்ல ஆள் இல்லை. இந்த வீட்டில் அப்பன் இருந்தான். பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தான்.

உன் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த இரண்டாம் நாளே உன் அக்கா சொன்னாள், "அவளுக்குச் சொல்லிடலாம்பா" என்று. நான்தான் வேண்டாம் என்றேன். உனக்கு ஏழு மாதம். விமானம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்னதாக நீயே அதற்கு முந்தின வாரம் சொல்லியிருந்தாய். அழுதுகொண்டு கிளம்பி வந்து உனக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால் என்ன செய்வது என்று அக்காவிடம் சொன்னேன். அது நிஜம்தான், ஆனால் முழு நிஜம் இல்லை. உன்னிடம் சொல்லிவிட்டால் உன் அம்மா பிழைக்கமாட்டாள் என்று எனக்கே தெரிந்துவிடும். அதற்குத்தான் பயந்தேன்.

ஆறாம் நாளும் கேட்டாள். வேண்டாம் என்றேன். அந்தப் பதினோரு நாளில் நீ மூன்று தடவை கூப்பிட்டாய். அம்மா தூங்குகிறாள், அம்மா மீனாட்சி கோயிலுக்குப் போயிருக்கிறாள், அம்மாவுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. மூன்றும் நான் சொல்லிக் கொடுத்தது. சொன்ன வாய்தான் அவளுடையது. மூன்றாவது தடவை போனை வைத்துவிட்டு பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டாள். வாளி நிறைந்து வழிகிற சத்தம் வெகுநேரம் கேட்டது.

அப்புறம் பதினாறாம் நாள் முடிந்து நீ கூப்பிட்டாய். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், ஹாலில் எல்லோரும் இருந்தோம். "அம்மா முகத்தைக்கூடப் பார்க்க விடாம பண்ணிட்டியே, நீயெல்லாம் ஒரு அக்காவா" என்றாய். அதற்கு மேலும் சொன்னாய். அதை நான் எழுதமாட்டேன், உனக்கே தெரியும். அவள் பதில் பேசவில்லை. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். நான் பேப்பரை எடுத்தேன். இன்னொரு தடவை பார்த்தாள். நான் எழுந்து போய் ஃபேன் ரெகுலேட்டரைத் திருகினேன். அது ஏற்கனவே ஐந்தில்தான் இருந்தது.

இரண்டு வட்டமும் வந்தது பாப்பா. நான் கை வைக்கவில்லை.

நாலு வருஷமாக அவளும் வாய் திறக்கவில்லை. ஒரு நாள்கூட "நீங்க சொல்லியிருக்கலாமேப்பா" என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பெரிய மாப்பிள்ளைக்கும் தெரியாது. உன் தரப்பில் நியாயம் இருக்கிறது என்று அவரும் ஒரு தடவை அவளிடம் சொன்னார். அப்போதும் நான் அங்கேதான் இருந்தேன். நீ கோபப்பட்டது சரிதான். ஆளைத்தான் மாற்றிக் கோபப்பட்டாய். மாற வைத்தவன் நான்.

போனில் இதைச் சொல்ல எத்தனையோ தடவை பார்த்தேன். குட்டிப்பயல் "தாத்தா" என்று வந்துவிடுவான், நானும் அதையே சாக்காக வைத்துக்கொள்வேன். வாட்ஸப்பில் அனுப்பலாம் என்றால் டைப் அடித்துக் கொடுக்கப் பேரனைத்தான் கூப்பிட வேண்டும். அதனால் இது. கையெழுத்து கோணல் மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். நடுவில் ஒரு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அதில் அம்மாவின் கடைசி நாளைப் பற்றி எழுதியிருந்தேன். அதை நேரில்தான் சொல்ல முடியும்.

கல்யாணம் ஆவணி மாதம், தேதி பத்திரிகையில் இருக்கிறது. டிக்கெட் விலை எனக்குத் தெரியும், பேரன் பார்த்துச் சொன்னான். அதற்காகப் பேச்சை எடுக்கவில்லை. "சித்தி வருவாங்களா தாத்தா?" என்று கல்யாணப் பெண் கேட்டாள். தபால் போட்டிருக்கிறேன் என்றேன். அப்போது போடவில்லை, இன்றைக்குத்தான் போடுகிறேன். அம்மாவின் இரட்டை வடம் உன் பங்கு. பச்சைப் பீரோவில், அந்த வெல்வெட் பெட்டியிலேயே இருக்கிறது. உன் அக்கா பொங்கலுக்குப் பொங்கல் எடுத்துத் துடைத்து வைக்கிறாள். பெண் கல்யாணத்துக்குக்கூடத் தான் அதைப் போட்டுக்கொள்ள மாட்டேன் என்றுவிட்டாள்.

இந்தக் கடிதம் எழுதுவது அவளுக்குத் தெரியாது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவள் ரேஷன் கடைக்குப் போவாள், திரும்பி வர ஒரு மணி நேரம் ஆகும். அப்போது கூப்பிட்டால் நான் தனியாக இருப்பேன், என்னைத் திட்டுவதானால் திட்டலாம்.

வேண்டாம். அவள் இருக்கும்போதே லேண்ட்லைனில் கூப்பிடு. சாயங்காலம் ஆறு மணிக்கு விளக்கேற்றிவிட்டு ஹாலில்தான் இருப்பாள். மணி அடித்தால் நான் எடுக்கமாட்டேன்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: மாத்திரை போட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் காபி.