கலூர் புல்தரைக்கு ஒரு விதி வேண்டும்: விசால கொச்சி வளர்ச்சி ஆணையத்துக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பாலக்காட்டுக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து எழுதுகிறோம். வீட்டில் பேசுவது தமிழ் என்றாலும், அறுப்பு முடிந்த வயலில் எங்கள் பிள்ளைகள் ஆடுவது செவன்ஸ் பந்து, அதாவது அணிக்கு எழுவர் ஆடும் கால்பந்து. மஞ்சள் சட்டையோடு ரயிலேறி, எர்ணாகுளம் வடக்கில் இறங்கி, மெட்ரோ பிடித்து அவர்கள் போய்ச் சேரும் இடம் உங்கள் பொறுப்பிலுள்ள கலூர் ஜவாஹர்லால் நேரு மைதானம்.

1996-இல் திறக்கப்பட்ட அந்த மைதானம் கால்பந்துக்கும் கிரிக்கெட்டுக்கும் பொதுவாக வளர்ந்தது. 1997-இல் நேரு கோப்பைக்காகக் கேலரிகள் நிரம்பி வழிந்தன. 1998 ஏப்ரல் 1 அன்று ஆஸ்திரேலியாவுக்கு எதிராகச் சச்சின் ஐந்து விக்கெட் எடுத்ததும் இங்கேதான். 2014-இல், மஞ்சள் சட்டை அணியும் கேரளா பிளாஸ்டர்ஸ் கால்பந்து அணி இதைத் தன் சொந்த மைதானமாக்கிக்கொண்டது. 2017-இல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்காகப் புல்தரை முழுவதும் புதிதாக அமைக்கப்பட்டது. பாதுகாப்பை முன்னிட்டுப் பார்வையாளர் எண்ணிக்கை 29,000-ஆகக் குறைக்கப்பட்டபோது எங்களில் பலருக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. ஆயினும் பிரேசிலும் ஸ்பெயினும் மோதிய தரை நம் ஊரில் இருக்கிறது என்ற பெருமை இருந்தது.

ஒரு கிரிக்கெட் ஆட்டத்துக்காக அந்தத் தரையின் நடுவே பிட்ச் தோண்ட வேண்டியிருக்கும் என்ற நிலை மறு ஆண்டே வந்தது. கால்பந்து வீரர் சுனில் சேத்ரி, கிரிக்கெட்டின் சச்சின், கங்குலி உள்ளிட்டோர் குரல் கொடுத்த பிறகே மேற்கிந்தியத் தீவுகளுடனான ஒருநாள் ஆட்டம் திருவனந்தபுரத்துக்கு மாறியது. 2024 டிசம்பர் 29 அன்று, கால்பந்துப் பருவத்தின் நடுவிலேயே, 11,000-க்கும் மேற்பட்டோர் ஆடிய நடன நிகழ்ச்சிக்கு மைதானம் கொடுக்கப்பட்டது. தற்காலிக மேடையிலிருந்து விழுந்து சட்டமன்ற உறுப்பினர் உமா தாமஸ் படுகாயமடைந்ததை நாடே அறியும். கலைஞர்கள் மீது எங்களுக்குக் குறை எதுவுமில்லை.

கால்பந்துத் தரை என்பது மேலே தெரியும் பச்சை மட்டுமல்ல. வேருக்குக் கீழே மணல் அடுக்கும், மழைநீரை இழுத்துச் செல்லும் வடிகாலும் இருக்கின்றன. கூட்டமும் வண்டிகளும் ஏறி மணல் இறுகிவிட்டால் வேருக்குக் காற்று எட்டாது, தண்ணீர் இறங்காது. கொச்சியில் பெய்யும் மழைக்கு அங்கங்கே நீர் தேங்கும். அந்த இடத்தில் பந்து நின்றுபோகும், ஓடி வரும் வீரரின் முழங்கால் திருகிக்கொள்ளும்.

மைதானத்தைப் பராமரிக்க வருமானம் வேண்டும் என்பதை உணர்கிறோம். கேலரிக்கு அடியிலுள்ள கடைகளின் வாடகையும் அதற்காகத்தானே! ஆகவே நிகழ்ச்சிகளே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. பருவம் தொடங்கி முடியும்வரை புல்தரையில் கால்பந்து தவிர வேறெதற்கும் அனுமதி இல்லை என்று எழுத்துபூர்வமாக விதி செய்யுங்கள். மற்ற மாதங்களில் வாடகைக்கு எடுப்போரிடம், தரையைப் பழைய நிலைக்குக் கொண்டுவரப் போதுமான முன்பணம் பெறுங்கள். தரையையும் தற்காலிக மேடைகளையும் பொறியாளர் சோதித்துத் தரும் அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு வையுங்கள். அடுத்த ஆணையக் கூட்டத்திலேயே இதை விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கொழிஞ்சாம்பாறைப் பகுதித் தமிழ்க் கால்பந்து ரசிகர்கள்