சந்தியாகப்பரின் படகில் கூலியாள்களும் இருந்தார்கள்: விசைப்படகு உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பாம்பன், தங்கச்சிமடம், இராமேசுவரம், மண்டபம் கரைகளில் விசைப்படகு வைத்துத் தொழில் செய்யும் கத்தோலிக்க அண்ணன்மாருக்கும் மாமன்மாருக்கும்,

இயேசுவுக்கே புகழ்.

இந்தக் கரையில் கோயில்கள் எழும்பியதில் உங்கள் பங்கு பெரிது. திருவிழாக் கொடிக்கும் தேருக்கும் முதல் ரூபாய் உங்கள் வீட்டிலிருந்துதான் வருகிறது. புதுப்படகு இறக்கினால் சாமியார் வந்து தீர்த்தம் தெளிக்காமல் அதைக் கடலில் விடமாட்டீர்கள். அந்தோனியார், ஆரோக்கிய மாதா, சந்தியாகப்பர் என்று புனிதர்களின் பெயரைத்தான் படகுக்கு எழுதுகிறீர்கள். இதில் எதையும் நான் வெளிவேடமாக நினைக்கவில்லை. புயல் கூண்டு ஏற்றிய இரவுகளில் உங்கள் வீட்டுப் பெண்களோடு முழங்காலில் நின்று செபமாலை சொன்னவள் நான். அதனால்தான் இந்த மடலை ஆட்சியருக்கோ மீன்வளத் துறைக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்குப் பத்துக் கட்டளைகளைச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. அதில் ஏழாவதான "களவு செய்யாதே" என்பதைப் பற்றிப் பெரியவர்களோடு பேச வேண்டியிருக்கிறது.

மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். கலிலேயக் கடலோரமாக இயேசு நடந்து வரும்போது செபதேயுவின் மகன் யாக்கோபு, தம்பி யோவானோடு படகில் இருந்து வலையைப் பழுதுபார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த யாக்கோபுதான் நம் சந்தியாகப்பர். தங்கச்சிமடம் வேர்க்காட்டிலும் மூக்கையூரிலும் அவருக்குக் கோயில் கட்டி, ஜூலை 25-இல் திருநாள் கொண்டாடுகிறோம். இயேசு கூப்பிட்டதும் அண்ணனும் தம்பியும் தகப்பனைக் "கூலியாள்களோடு" படகில் விட்டுவிட்டு அவர் பின்னே போனார்கள் என்று அடுத்த வசனம் சொல்கிறது. செபதேயு ஆள் வைத்துத் தொழில் செய்த படகுக்காரர், உங்களைப் போல. அந்த வசனத்துக்கு எத்தனையோ மறையுரை கேட்டிருக்கிறேன். அந்தக் கூலியாள்களைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை.

நம் கரையின் கூலியாள்களுக்கு வருகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அரசு நிவாரணம் ஒரு குடும்பத்துக்கு 8,000 ரூபாய். அரிசிக்கும் வாடகைக்கும் பள்ளிக்கூடக் கட்டணத்துக்கும் அது எந்த மூலைக்கு? மீதிக்கு உங்களிடம்தான் முன்பணம் வாங்குகிறார்கள், நீங்களும் கொடுக்கிறீர்கள். அந்தக் கொடை மனதை நான் மறுக்கவில்லை. ஆனால் தடை முடிந்து படகு போய் வந்ததும் டீசல், ஐஸ், சாப்பாடு, வலைச் சேதம், முன்பணப் பிடித்தம் என்று கழித்துவிட்டுப் பங்கு பிரிக்கும்போது, பல படகுகளில் அந்தக் கணக்கு ஆள்களின் கண்ணில் படுவதில்லை. கேட்டவன் அடுத்த முறை கடலுக்குக் கூப்பிடப்படுவதில்லை. கடன் தீராதவன் வேறு படகுக்கும் போக முடியாது. கொடுத்த கூலிக்கு வேலையாள் ஒத்துக்கொண்டான் என்பதாலேயே அது நியாயமான கூலி ஆகிவிடாது என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2434-ஆம் எண்ணில் வெளிப்படையாகச் சொல்கிறது. நான் கேட்பது சின்ன விஷயம்: ஒவ்வொரு முறை கரை திரும்பியதும் ஏலச் சீட்டு, டீசல் சீட்டு, ஐஸ் சீட்டு மூன்றையும் ஆள்கள் முன்னால் வையுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

அடுத்தது வலை. மடலின் கனமே இங்கேதான் இருக்கிறது.

உங்கள் இழுவைமடி வலை கடல் தரையை வாரிக்கொண்டு போகும்போது குறுக்கே விரித்துக் கிடக்கும் செவுள்வலை அறுபடுகிறது. நம் நாட்டுப்படகுக்காரர்களின் வலை போவதை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். அந்தச் சண்டைகளுக்குப் பிறகுதான் விசைப்படகுக்குச் சில நாள், நாட்டுப்படகுக்குச் சில நாள் என்று முறை வந்தது. பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம், எல்லை தாண்டி நாம் போகும் இலங்கைக் கடலில், அப்படியொரு முறை இல்லை. பேசாலை, தலைமன்னார், நெடுந்தீவு மக்கள் போர்க்காலத்தில் தடைகளால் கடலில் சரியாகத் தொழில் செய்ய முடியாமல் கிடந்தவர்கள். 2009-க்குப் பிறகு கடன் வாங்கிச் சின்னக் கண்ணாடியிழைப் படகும் வலையும் சேர்த்துத் தொழிலுக்குத் திரும்பினார்கள். இரவில் விரித்துவிட்டு விடியற்காலை தேடிப் போனால், வலை இருந்த இடத்தில் அறுந்த கயிறுதான் மிச்சம். அவர்களும் தமிழர்கள், பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள். பேசாலையில் வெற்றிநாயகி அன்னையிடம் அந்த வீட்டுப் பெண்கள் என்ன வேண்டிக்கொள்வார்கள் என்று நினைத்துப் பாருங்கள். நம் படகு வராமல் இருக்க வேண்டும் என்றுதானே?

தவக்காலத்தில் அந்தோனியார் திருவிழாவுக்கு நாம் கச்சத்தீவுக்குப் போகிறோம். 1974 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின் 5-ஆம் பிரிவு நம் திருப்பயணிகளுக்கு அந்த உரிமையைக் காத்து வைத்திருக்கிறது. வெள்ளி மாலை கொடியேற்றம், சிலுவைப்பாதை, அந்தோனியாரின் தேர். சனி காலை இரு கரைச் சாமியார்களும் சேர்ந்து திருப்பலி நிறைவேற்றுகிறார்கள். சமாதானம் சொல்லும் நேரத்தில் யாழ்ப்பாணத்துக்காரர் பக்கம் திரும்பிக் கைகூப்புகிறோம். திரும்பி வந்து, கடலுக்குப் போக மீன்வளத் துறை தரும் அடுத்த டோக்கனை எடுத்ததும், கைகூப்பியவருடைய வலை மேலேயே மடியை இழுக்கிறோம். காணிக்கை செலுத்த வரும்போது உன் சகோதரருக்கு உன்மேல் மனத்தாங்கல் உண்டென்று நினைவுக்கு வந்தால், காணிக்கையைப் பீடத்தின் முன்னே வைத்துவிட்டு முதலில் போய் அவரோடு நல்லுறவு ஏற்படுத்திக்கொள் என்று மத்தேயு 5-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்னார். கச்சத்தீவில் அந்தச் சகோதரர் நம் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்.

உங்கள் பதில் எனக்குத் தெரியும். "நம் பாட்டன் தொழில் செய்த கடல் அது. நம் பிள்ளைகளைச் சுட்டார்கள், பிடித்துச் சிறையில் போட்டார்கள், லட்சக்கணக்கில் கடன் வாங்கிக் கட்டிய படகு அங்கே உளுத்துக் கிடக்கிறது. அதையெல்லாம் விட்டுவிட்டு எங்களுக்குப் புத்தி சொல்ல வந்துவிட்டாயா?" விடவில்லை. யாழ்ப்பாணச் சிறையில் இருப்பவரின் மனைவி நம் அன்பியச் செபக் கூட்டத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அழுவதைப் பார்த்த பிறகு எப்படி விட முடியும்? 2024-இல் நம் ஆள்களின் விடுதலை கேட்டு கச்சத்தீவுத் திருவிழாவையே புறக்கணித்தீர்கள். அந்தக் கோபத்தின் நியாயம் எனக்குப் புரிகிறது. ஒரு மீனவனைச் சுடுவது பாவம், அதை யார் செய்தாலும். ஆனால் சிறைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் கூலியாள்கள். எல்லை தாண்டச் சொல்வது ஒருவர், தாண்டியதற்குச் சிறையில் கிடப்பது இன்னொருவர் என்றால், அதற்கும் நாம்தான் கடவுளிடம் பதில் சொல்ல வேண்டும்.

இழுவைமடியை நீங்களாகக் கண்டுபிடிக்கவில்லை என்பதும் உண்மை. இறால் ஏற்றுமதிக்காக அரசுதான் மானியம் கொடுத்துப் பழக்கியது. இப்போது அதே அரசு விடச் சொல்கிறது. அதற்கு மாற்றாக 2017-இல் வந்த ஆழ்கடல் மீன்பிடித் திட்டத்தில் படகின் விலை 80 லட்சம் என்று வைத்தார்கள். 70 சதவீதம் மானியம், 20 சதவீதம் வங்கிக் கடன், 10 சதவீதம் கைப்பணம். சூரை பிடிக்க நாள்கணக்கில் ஆழ்கடலில் தங்கும் பழக்கம் இல்லாத நமக்கு அது எளிதல்ல, கடனும் பயமுறுத்துகிறது. அதற்காக அரசோடு போராடுங்கள், நாங்களும் வந்து உட்காருகிறோம். ஆனால் 2010-இல் இரு கரை மீனவர்களும் பேசியபோது ஓராண்டில் இழுவைமடியை விடுகிறோம் என்று நம் தரப்பு சொன்ன சொல் இன்னும் நிறைவேறவில்லை. இலங்கை 2017-இல் தன் கடலில் இழுவைமடியைச் சட்டம் போட்டே தடுத்துவிட்டது. மடியில் வரும் குஞ்சுமீனெல்லாம் சங்காயம், அதாவது கழிவுமீன், என்று தீவன ஆலைக்குத்தான் போகிறது. அது வளர்ந்திருந்தால் யார் வலையில் விழுந்திருக்கும்?

ஏழாம் கட்டளையை மீறி எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதும் நம் மறைக்கல்வியில் உண்டு, 2412-ஆம் எண். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி மன்னிப்புப் பெற்றாலும் அந்தக் கடமை போய்விடாது. நற்செய்தியில் வரி வசூலித்த சக்கேயு, ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றார். நான் நாலு மடங்கு கேட்கவில்லை. அறுத்த வலைக்கு வலை, அவ்வளவுதான். திருவிழாவில் ஒரு நாள் வாணவேடிக்கைக்கும் மின்விளக்குக்கும் ஆகும் செலவை எடுத்து ஒரு நிதியாக வையுங்கள். அதில் முதலில் நம் நாட்டுப்படகுக்காரரின் வலை, அடுத்து சிறையில் இருப்பவரின் வீட்டு அரிசி, அடுத்து அக்கரை வலை. அரசாங்கங்கள் பேசி முடிக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலை இது. இரண்டு படகு சேர்ந்து இழுக்கும், தடைசெய்த இரட்டைமடியை அதற்கு முன்பே படகிலிருந்து இறக்கிவிடுங்கள். அதற்கு எந்த மானியமும் வேண்டியதில்லை.

பங்குத்தந்தையருக்கும் ஒரு வார்த்தை. சனிக்கிழமை கடலுக்குப் போன படகு ஞாயிறு காலைதான் கரை சேரும். பூசை மணி அடிக்கும்போது ஆண்கள் மீன் இறக்கிக்கொண்டும் பெண்கள் தரம் பிரித்துக்கொண்டும் இருக்கிறார்கள். சனி மாலைப் பூசை அவர்களுக்கு உதவாது, அப்போது நடுக்கடலில் இருப்பார்கள். ஞாயிறு மாலை ஒரு திருப்பலி வையுங்கள். அந்தப் பூசையில், கூலியைப் பற்றியும் வலையைப் பற்றியும் பயப்படாமல் பேசுங்கள்.

அடுத்த கச்சத்தீவுப் பயணத்துக்குப் பெயர்ப் பட்டியல் எழுதும்போது, ஒவ்வொரு கரையிலிருந்தும் உரிமையாளர் இருவர், கூலியாள் இருவர், நாட்டுப்படகுக்காரர் ஒருவர் என்று சேர்த்து எழுதுங்கள். வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்ததும் பேசாலைக்காரரோடும் நெடுந்தீவுக்காரரோடும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, எந்தப் பகுதியில் எந்த நாளில் அவர்கள் வலை விரிக்கிறார்கள் என்று கேட்டு எழுதி வாருங்கள். அதைப் பிரதி எடுத்து எல்லாப் படகுக்கும் கொடுக்கும் வேலையை எங்கள் மறைக்கல்விப் பிள்ளைகள் செய்வார்கள்.

கிறிஸ்துவில் உங்கள் சகோதரி,
பாம்பன் கரையில் ஒரு மறைக்கல்வி ஆசிரியை