பில் புத்தகமும் பொலிஸ் புத்தகமும்: புறக்கோட்டை வர்த்தகர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

கொழும்பு 12

புறக்கோட்டை மொத்த, சில்லறை வர்த்தகர் சங்கங்களின் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

கடனுக்குக் கொடுத்த சாமானுக்குப் பணம் வராவிட்டால் உங்களில் பலர் முதலில் போவது பொலிஸ் நிலையத்துக்கு. ஒரு என்ட்ரி போட்டால் ஆள் பயந்து காசைக் கொண்டுவந்து வைப்பான் என்று நான்காம் குறுக்குத் தெருவிலும் பழைய சோனகர் தெருவிலும் எல்லோரும் நம்புகிறார்கள். சில வேளை அப்படி நடப்பதும் உண்டு. நடக்காத வேளையில் என்ன ஆகிறது என்பதைச் சொல்லத்தான் புதுக்கடை நீதிமன்றங்களில் சிவில் வழக்கும் குற்ற வழக்கும் பேசும் சட்டத்தரணிகளான நாங்கள் இதை எழுதுகிறோம்.

மற்ற எதையும் விட முக்கியமானது காலக்கெடு. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவரையறைக் கட்டளைச் சட்டத்தைப் புதுக்கடையில் ‘பிரெஸ்கிரிப்ஷன்’ என்பார்கள். அதன் 8ஆம் பிரிவின்படி, விற்று ஒப்படைத்த சாமானுக்கான பணம், கடை பில், கணக்குக் கொப்பிக் கடன் ஆகியவற்றுக்குப் பணம் கொடுக்க வேண்டிய நாளிலிருந்து 1 வருடத்துக்குள் வழக்குத் தாக்கல் செய்ய வேண்டும். 2024 மார்ச் 10இல் 60 நாள் தவணைக்குச் சீனி இறக்கினீர்கள் என்று வையுங்கள். தவணை மே 9இல் முடிகிறது. 2025 மே 9 கடந்தால் மாவட்ட நீதிமன்றத்தில் எதிராளி உங்கள் கணக்கை மறுக்கவே தேவையில்லை. ‘காலம் கடந்துவிட்டது’ என்ற ஒரே வாதம் அவருக்குப் போதும்.

பொலிஸில் முறைப்பாடு செய்வதால் இந்த ஒரு வருடம் நின்றுவிடாது. சட்டத்தரணி அனுப்பும் கோரிக்கைக் கடிதத்தாலும் நிற்காது. எங்களிடம் வரும் கோப்புகளில் அடிக்கடி காணும் தவறு இதுதான். எட்டு மாதம் பொலிஸ் விசாரணை, இரண்டு மாதம் ‘அடுத்த கிழமை வாறேன்’ என்ற தவணை, பிறகு பெருநாள், பிறகு வருடப் பிறப்பு என்று நாள் போய்விடும். வழக்குப் போட எங்களிடம் வரும்போது பதினான்காவது மாதம் நடந்துகொண்டிருக்கும்.

கெடு மீண்டும் முதலிலிருந்து தொடங்க இரண்டு வழி உண்டு. ஒன்று, கடனாளி கையொப்பமிட்டு எழுத்தில் கடனை ஒப்புக்கொள்வது. வாயால் ஒப்புக்கொண்டால் பயனில்லை. மற்றது, கடனில் ஒரு பகுதியைக் கட்டுவது. இதற்கு ரசீதின் அடிக்கட்டையோ வங்கி வைப்புச் சீட்டோ உங்கள் கையில் இருக்க வேண்டும். காசோலைக்கும் வாக்குறுதிப் பத்திரத்துக்கும் (‘புரோநோட்டு’) இதே சட்டத்தின் 6ஆம் பிரிவு 6 வருடம் தருகிறது. கடன் பெரிதானால் வெறும் பில்லோடு நிற்காமல் திகதியிட்ட காசோலையும் வாங்குங்கள் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

இனிக் குற்றப் பக்கம். கடன் கட்டாமல் இருப்பது அதனால் மட்டுமே குற்றமாகாது. ஒப்பந்தக் கடப்பாட்டை நிறைவேற்ற இயலாமை என்ற ஒரே காரணத்துக்காக எவரையும் சிறையிடலாகாது என்கிறது குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் 11ஆம் உறுப்புரை. இலங்கை 1980இல் அந்த உடன்படிக்கையில் சேர்ந்தது. தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டிலிருந்தே இந்தக் கோட்டைப் போட்டு வைத்திருக்கிறது. 398ஆம் பிரிவில் வஞ்சித்தலுக்குத் தரப்படும் உதாரணங்களில் ஒன்றைப் பாருங்கள். சரக்குத் தருவதாகச் சொல்லி முற்பணம் வாங்கும் நேரத்திலேயே தரும் எண்ணம் இல்லாதவன் வஞ்சகன். வாங்கும்போது தரும் எண்ணத்தோடு இருந்து, பிறகு ஒப்பந்தத்தை மீறுபவன் மேல் சிவில் வழக்கு மட்டுமே செல்லும். நீதவான் தேடுவது சாமான் லொறியிலிருந்து இறங்கிய அந்த நாளில் அந்த ஆளின் மனத்தில் என்ன இருந்தது என்பதைத்தான். இன்று அவர் காசு தரவில்லை என்பது அதற்கு விடையாகாது.

மனத்தை நேரே காட்ட முடியாது. சூழ்நிலைகளால்தான் நிரூபிக்க வேண்டும். கொடுத்த விலாசத்தில் கடையே இல்லை. காசோலைத் திகதிக்கு முன்பே கணக்கு மூடப்பட்டிருந்தது. உங்களிடம் எடுத்த அரிசியை மறுநாளே கொள்விலைக்குக் கீழே கைமாற்றினார். அதே கிழமையில் வேறு மூன்று கடைகளிலும் அதே கதையைச் சொல்லிச் சாமான் எடுத்தார். இப்படியானவை இருந்தால் பொலிஸுக்குப் போவதில் நியாயம் உண்டு. அப்போதும் ‘காசு தரவில்லை’ என்று மட்டும் சொல்லிவிட்டு வராமல், இந்த உண்மைகளை ஒவ்வொன்றாக முறைப்பாட்டில் எழுதுவியுங்கள்.

மாறாக, அவர் ஆறு மாதம் ஒழுங்காகக் கொடுத்து வந்தவர், இந்தத் தொகையிலும் இரண்டு தவணை கட்டியவர் என்றால் வஞ்சித்தல் வழக்கு அநேகமாக நிற்காது. கட்டிய அந்த இரண்டு தவணையே அவரிடம் கொடுக்கும் எண்ணம் இருந்ததற்குச் சாட்சியாகிவிடும். சிவில் நீதிமன்றத்தில் உங்கள் காலக்கெடுவைக் காப்பாற்றும் அதே ரசீது குற்றவியல் நீதிமன்றத்தில் அவரைக் காப்பாற்றும். எந்த வழியில் போவது என்பதை முதல் நாளே முடிவு செய்யுங்கள் என்று நாங்கள் சொல்வது இதற்காகவே.

‘நம்பிக்கை மோசடி’ என்ற சொல்லையும் பலர் பிழையாகப் பிடித்துக்கொள்கிறார்கள். தண்டனைச் சட்டக்கோவையின் 388ஆம் பிரிவின்படி, அந்தக் குற்றம் நடக்கப் பொருள் ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும். அதாவது உடைமை உங்களுடையதாகவே இருக்க, பொருள் மட்டும் அவர் கையில் இருக்க வேண்டும். செட்டியார் தெருவில் காப்புச் செய்யப் பழைய சங்கிலியைக் கொடுத்தால் அது ஒப்படைப்பு. தரகுக்கு விற்றுத் தரும்படி கொடுத்த புடவைக் கட்டும், உங்கள் விற்பனைப் பையன் உங்களுக்காக வசூலித்த காசும் அப்படியே. ஆனால் கடனுக்கு விற்ற சாமான் விற்ற நிமிடமே அவருடையதாகிவிட்டது. கைமாற்றாகக் கொடுத்த காசும் அவருடைய காசுதான், உங்களுக்கு மிஞ்சியது அதைத் திரும்பக் கேட்கும் உரிமை. நம்பித்தான் கொடுத்தோம் என்பது உண்மையாக இருக்கலாம். சட்டம் சொல்லும் நம்பிக்கை அது அல்ல.

திரும்பிய காசோலைக்கு என்று தனிக் குற்றம் ஒன்று உண்டு. 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டத்தின் 25ஆம் பிரிவு அது. அங்கும் ‘அறிந்துகொண்டு’ என்பதே சாவி: கணக்கில் பணமில்லை என்று தெரிந்தே காசோலை எழுதியிருக்க வேண்டும். திகதியும் தொகையும் போடாமல் உத்தரவாதத்துக்கென்று வாங்கி இரும்புப் பெட்டியில் வைத்த காசோலையைப் பிறகு நிரப்பி வங்கியில் போட்டீர்கள் என்றால், ‘கணக்கில் பணமில்லை என்று அன்றே கடைக்காரருக்கும் தெரியும், உத்தரவாதத்துக்குத்தான் கொடுத்தேன்’ என்று அவர் சொல்வார். அந்த எதிர்வாதத்தை உடைப்பது கடினம். காசோலை திரும்பினால் வங்கி தரும் மீளளிப்புச் சீட்டைக் கட்டாயம் பத்திரப்படுத்துங்கள். பணம் போதாது, கணக்கு மூடப்பட்டது, கொடுப்பனவு நிறுத்தப்பட்டது என்ற ஒவ்வொரு காரணமும் வழக்கின் போக்கை மாற்றும்.

அதே காசோலை சிவில் பக்கத்தில் கூரான கத்தி. குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 53ஆம் அத்தியாயம் காசோலை, வாக்குறுதிப் பத்திரம் போன்றவற்றுக்குச் சுருக்க நடைமுறை ஒன்றைத் தருகிறது. அதில் எதிராளி நினைத்தபடி வந்து மறுவாதம் செய்ய முடியாது. தன்னிடம் உண்மையான எதிர்வாதம் உண்டென்று காட்டி, முதலில் நீதிமன்றத்தின் அனுமதியைப் பெற வேண்டும். இவ்வளவு நல்ல கருவி கையிலிருக்கப் பொலிஸ் வாங்கில் நாள் கணக்காகக் குந்தியிருப்பவர்களைப் பார்க்க எங்களுக்கு மனம் பொறுப்பதில்லை.

பொலிஸ் நிலையத்தில் வைத்து எழுதி வாங்கும் கடிதத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ‘இன்ன திகதிக்குள் முழுக் காசையும் தருவேன்’ என்று எழுதிக் கையொப்பம் வைப்பித்தால் வேலை முடிந்தது என்று நினைக்கிறீர்கள். பயமுறுத்தி வாங்கிய சம்மதத்தால் வந்த ஒப்பந்தத்தைத் தள்ளிவிடக் கேட்கும் உரிமையை எங்கள் ரோமன் டச்சுச் சட்டம் அவருக்குக் கொடுக்கிறது. கூண்டில் வைத்துவிடுவோம் என்று மிரட்டினார்கள் என்று அவர் சாட்சியம் சொன்னால் அந்தக் கடிதம் ஆட்டம் காணும். குற்றத்தை ஒப்புக்கொண்டதாக அதில் ஒரு வரி இருந்தாலும், பொலிஸ் உத்தியோகத்தரிடம் சொன்ன குற்ற ஒப்புதலைச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு வெளியே தள்ளிவிடும். சமரசம் செய்யலாகாத குற்றமொன்றின் முறைப்பாட்டை வாபஸ் வாங்குவதற்குப் பதிலாகக் காசு என்று பேசி முடித்தால், அந்த ஒப்பந்தம் பொது நலனுக்கு முரணானது என்று நீதிமன்றம் அதைக் கையில் எடுக்கவே மறுக்கும். அதே கடிதத்தை உங்கள் கடையிலோ ஒரு சட்டத்தரணி முன்போ, விருப்பத்தோடு, கணக்கு விபரத்துடன் எழுதி வாங்கினால் அது கடன் ஒப்புதலாகவும் நிற்கும், காலக்கெடுவையும் புதுப்பிக்கும்.

ஒப்பந்தம் செல்லுமா என்பதை நீதிமன்றம் பார்க்கும் ஒழுங்கு ஒன்றும் மர்மமல்ல. இரு தரப்பும் 18 வயது நிரம்பியவர்களா, உண்மையான சம்மதம் இருந்ததா, நியாயமான காரணம் ஒன்று இருந்ததா, நோக்கம் சட்டத்துக்கு உடன்பட்டதா, சட்டம் கேட்கும் வடிவத்தில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இதில் உங்களை அதிகம் வீழ்த்துவது வடிவம். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி காணி விற்பனையும் விற்பதாகச் செய்யும் உடன்பாடும் நொத்தாரிசு முன்னும் இரு சாட்சிகள் முன்னும் எழுதப்படாவிட்டால் வலுவற்றவை. இன்னொருவரின் கடனுக்குப் பொறுப்பு நிற்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். ‘மாமா பொறுப்பு நிற்கிறார், பயப்படாதே’ என்ற வாய்ச்சொல்லை நம்பி லொறியை அனுப்பியவர்கள் மாமாவிடம் ஒரு சதமும் அறவிட முடியாது. கைமாற்றுக் கடனுக்குப் புரோநோட்டு எழுதினால் உண்மையில் கொடுத்த தொகை, முன்கூட்டிக் கழித்த வட்டி, வட்டி வீதம் மூன்றும் அதில் தனித்தனியே தெளிவாக இருக்க வேண்டும். 1918ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் கொடுத்தல் கட்டளைச் சட்டம் அப்படித்தான் கேட்கிறது. வெற்று நோட்டில் கையொப்பம் வாங்கி வைப்பது உங்களுக்கே வினை.

விலை ஏறிவிட்டது என்பது ஒப்பந்தத்திலிருந்து தப்பிக்க வழியாகாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறோம். 2022 மார்ச்சுக்கு முன் டொலர் 200 ரூபா அளவில் நின்றது, மே மாதத்தில் 360ஐத் தொட்டது. பழைய விலைக்குத் தருவதாக எழுதிக் கொடுத்தவர்கள் ‘நடக்காத காரியம்’ என்றார்கள். ‘நடக்காத காரியம்’ என்று சட்டம் சொல்வது உண்மையிலேயே நிறைவேற்ற முடியாமல் போனதைத்தான். நட்டத்தோடு நிறைவேற்ற வேண்டியிருப்பது அதில் சேராது. நாணய மாற்று வீதம் மாறினால் விலை திருத்தப்படும் என்று பில்லின் பின்புறத்தில் ஒரு வரி அச்சிட்டு, வாங்குபவரின் கையொப்பத்தையும் அதன் கீழ் வாங்கியிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும்.

சங்கங்களிடம் நாங்கள் கேட்பது பில் புத்தகத்தைத் திருத்துங்கள் என்று. நீதிமன்றத்துக்கு வரும் பில் எப்படியிருக்கிறது என்று சொல்கிறோம். இளஞ்சிவப்புக் கார்பன் பிரதி, மேலே கடைப் பெயர், நடுவில் ‘சீனி 50 மூடை’, கீழே ஒரு கிறுக்கல். கிறுக்கியது யார்? களஞ்சியப் பையனா, லொறி உதவியாளரா? அவருக்குப் பொறுப்பேற்க அதிகாரம் இருந்ததா? வாங்கியவர் தனி ஆளா, பதிவு செய்த வியாபாரப் பெயரா, பிரைவேட் லிமிடெட் கம்பனியா? கம்பனி என்றால் பணிப்பாளரின் வீட்டை நோக்கி வழக்கு வைக்க முடியாது. பில்லில் வாங்குபவரின் முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம் அல்லது கம்பனிப் பதிவிலக்கம், ஒப்புக்கொண்ட விலை, பணம் கட்ட வேண்டிய திகதி, பெற்றுக்கொண்டவரின் பெயரும் பதவியும் ஆகியவற்றுக்கு இடம் விடுங்கள். ‘30 நாள்’ என்று எழுதாமல் திகதியையே எழுதுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நிலுவைக் கடிதம் அனுப்பி, ‘சரி’ என்று கையொப்பமிட்ட பிரதியைத் திருப்பி வாங்குங்கள். உங்கள் வியாபாரப் பெயரையும் பதிவு செய்து வையுங்கள். பதிவில்லாதவர் தன் ஒப்பந்த உரிமையை நீதிமன்றத்தில் கேட்பதற்கே தடை வரலாம்.

அடுத்தது கோரிக்கைக் கடிதம். வியாபார விடயத்தில் ஒருவர் ஒரு கணக்கை எழுதி அனுப்பினால், உடன்படாதவர் பதில் எழுத வேண்டும் என்று ‘சரவணமுத்து எதிர் டி மெல்’ வழக்கில் (‘நியூ லோ ரிப்போர்ட்ஸ்’ தீர்ப்புத் திரட்டின் 49ஆம் தொகுதி) உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பதிவுத் தபாலில் அனுப்பிச் சீட்டை வைத்திருங்கள். வாட்ஸ்அப்பில் வந்த ‘நாளைக்குப் போடுறன் அண்ணே’ என்பதும் 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல் வாங்கல் சட்டத்தின் கீழ் சாட்சியமாக வரக்கூடியது. செய்தியை அழிக்காதீர்கள், அந்தக் கைபேசியையும் விற்றுவிடாதீர்கள். ஆனால் காலக்கெடுவுக்கு அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

சிறிய தொகை என்றால் முதலில் மத்தியஸ்த சபை. அங்கிருந்து இணக்கமின்மைச் சான்றிதழ் இல்லாமல் நேரே வழக்குப் போட்டால் வழக்கு வாசலிலேயே நின்றுவிடும்.

மொழி பற்றியும் சொல்ல வேண்டும். கோட்டையிலோ புறக்கோட்டையிலோ பொலிஸ் உங்கள் வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதி நீட்டினால், புரியாமல் கையொப்பமிடாதீர்கள். தமிழில் எழுதும்படி கேளுங்கள், அல்லது வாசித்து விளக்கச் சொல்லுங்கள். தமிழும் அரசகரும மொழி. கொழும்பு நீதிமன்றங்களில்கூடத் தமிழில் வழக்குரை தாக்கல் செய்யவும் மொழிபெயர்ப்பைக் கேட்கவும் அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. இன்றைய வாக்குமூலத்தில் ‘கடன் கொடுத்தேன்’ என்பது ‘ஒப்படைத்தேன்’ என்று மாறி விழுந்தால், இரண்டு வருடம் கழித்துச் சாட்சிக் கூண்டில் அந்த ஒரு சொல்லுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

அடுத்த பொதுக்கூட்டத்தில் பில் மாதிரியையும் நிலுவைக் கடித மாதிரியையும் தமிழிலும் சிங்களத்திலும் உறுப்பினர்களுக்குக் காட்டத் தயாராக இருக்கிறோம். புதிய பில் புத்தகத்தை அச்சகத்துக்குக் கொடுப்பதற்கு முன் அழையுங்கள். அதற்கு இடையில், இன்று இரவு கடை பூட்டும்போது கடன் கொப்பியை ஒரு தடவை புரட்டி, பத்து மாதம் தாண்டிய கணக்குகளைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு, நாளைக் காலையே ஒரு சட்டத்தரணியிடம் கொண்டு போங்கள்.

இவ்வண்ணம்,
புதுக்கடையில் தொழில் செய்யும் சட்டத்தரணிகள் சிலர்