இலை மட்டுமா கருகுகிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘களைமருந்து இலையைத்தான் கருக்கும், செடிக்கு உள்ளே ஒன்றும் ஆகாது’ என்று சென்ற வார வேளாண் பக்கத்தில் ஒரு வரி. 28 வருடம் பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தாவரவியல் நடத்தியவள் நான். அந்த வரி என்னைத் தூங்கவிடவில்லை.

உள்ளே நடப்பதுதான் வெளியே கருகலாகத் தெரிகிறது ஐயா. வேலம்பாசி இலையை மைக்ராஸ்கோப்பில் வைத்தால் செல்லின் ஓரமாகப் பச்சை மணிகள் நகர்ந்துகொண்டே இருக்கும். ‘டீச்சர், ஓடுது!’ என்று பிள்ளைகள் கத்துவார்கள். அந்தப் பசுங்கணிகத்துக்குள்தான் பாராகுவாட் என்ற களைக்கொல்லி வேலை செய்கிறது. ஒளிச்சேர்க்கையில் ஓடும் எலக்ட்ரானைப் பறித்து ஆக்சிஜனிடம் கொடுத்துவிடும். அந்த ஆக்சிஜன் சீறிக்கொண்டு சவ்வுகளை அரிக்க, செல்லின் சாறு கசிந்துவிடும். காலையில் நல்ல வெயிலில் அடித்த களை மாலைக்குள் துவளுவது அதனால்தான். பெண்டிமெத்தலின் என்ற இன்னொரு களைக்கொல்லி வேறு மாதிரி. செல் பிரிவதற்கு வேண்டிய நுண்குழல்களையே குலைத்துவிடும். முளைத்த களையின் வேர்நுனி வீங்கி நின்றுபோகும்.

இத்தனையையும் ‘மருந்து’ என்று ஒரே சொல்லில் அடைக்கிறீர்கள். காட்டில் நாங்களும் வாய்க்கு வந்தபடி அப்படித்தான் சொல்கிறோம். அச்சில் நீங்களும் சொல்லலாமா? பாராகுவாட் குடித்தவரைக் காப்பாற்ற மாற்றுமருந்தே கிடையாது என்பது நீங்கள் அறியாததா? கேரளம் 2011லேயே அதைத் தடை செய்துவிட்டது.

இரண்டு வருடம் முன்பு பக்கத்துக் காட்டு மக்காச்சோளத்துக்கு 2,4-டி என்ற களைக்கொல்லி அடித்தார்கள். காற்று எங்கள் பக்கம் வீசியது. கொஞ்ச நாளில் என் பருத்தியின் கொழுந்தெல்லாம் வெண்டை இலைபோல விரல்விரலாகப் பிளந்து, நரம்பு புடைத்துச் சுருண்டது. ஒரு இலைகூடக் கருகவில்லை. அந்த 2,4-டி, செடியின் சொந்த வளர்ச்சி ஹார்மோனான ஆக்சினைப் போல உள்ளே நுழைந்து, செல்களைத் தாறுமாறாக வளரவிட்டிருந்தது. ‘வைரஸ் நோய்ம்மா’ என்று கடைக்காரர் இன்னொரு பாட்டிலைக் கொடுத்தார். பாடம் நடத்திய நானே பதற்றத்தில் அதையும் வாங்கி அடித்தேன். காய் பிடிக்கவில்லை. அலுவலகத்தில் மனு கொடுத்தேன், யாரும் வந்து பார்க்கவில்லை. அப்போதே உங்களுக்கும் இரண்டு பக்கம் எழுதினேன். இடமில்லாமல் போயிருக்கும்.

இப்போது கேட்பது கொஞ்சம்தான். அந்த வரியைத் திருத்தி ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள். கூடவே, 2,4-டி அடித்த டேங்கைப் பருத்திக்கு எடுக்க வேண்டாம் என்று பொடி எழுத்திலாவது சேருங்கள். ஆடிப் பட்டத்துக்கு முன்னால் வந்தால் உபகாரமாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை,
பெரம்பலூர் மாவட்டம்