படுக்கும்முன் ஒரு மாத்திரையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில், ‘கால் வீங்கினால் படுக்கும்முன் ஒரு நீர் மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள், காலையில் வற்றிவிடும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை.

எங்கள் வீடு முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று நீண்டு போகும். கழிப்பறை பின்கட்டின் கோடியில். என் ஆத்தாவுக்கு 74 வயது. கால் வீக்கம் என்றதும் மருந்துக்கடையில் சீட்டுக்கூடக் கேட்காமல் ஃபியூரோஸ்மைடு என்ற நீர் மாத்திரையைக் கொடுத்தார்கள். சிறுநீரகக் குழாயிலிருந்து ரத்தத்துக்குத் திரும்ப வேண்டிய உப்பை அது மறித்துவிடும். உப்போடு நீரும் சிறுநீராக இறங்கும். ஒரு மணி நேரத்துக்குள் தொடங்கினால் ஆறு மணி நேரம் விடாது. இரவு ஒன்பதுக்குப் போட்டவர் எத்தனை முறை எழுந்து நடப்பார்? நான்காம் முறை தலை சுற்றி, ஆத்தங்குடிக் கல் தரையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. வீக்கமே அம்லோடிபின் என்ற ரத்த அழுத்த மாத்திரையால் வந்தது என்று பிறகுதான் தெரிந்தது. அதற்கு நீர் மாத்திரை பெரும்பாலும் கேட்காது. மருத்துவர் மருந்தை மாற்றினார், கால் வற்றியது. ஆத்தா இன்னும் கட்டிலில் இருக்கிறார்.

சென்ற கோடையில் ‘இளநீர் எல்லோருக்கும் நல்லது’ என்றீர்கள். என் அத்தைக்குச் சிறுநீரகம் பலவீனம். அவர் சாப்பிடுவது ஸ்பைரனோலாக்டோன். அதுவும் நீர் மாத்திரைதான், ஆனால் பொட்டாசியத்தை வெளியே விடாது. இளநீரில் பொட்டாசியம் நிறைய என்பது தங்களுக்குத் தெரியாததா? உங்கள் பக்கத்தை நம்பித் தினமும் இரண்டு குடித்தார். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, இதயத் துடிப்பு தடுமாறி, இரவோடு இரவாக மதுரைக்கு ஓடினோம். அப்போதே எழுதினேன், வெளியிடவில்லை. அதற்குமுன் மூட்டுவலி மாத்திரை பற்றி எழுதியதற்கும் பதில் இல்லை. அப்பச்சி காலத்திலிருந்து சந்தா கட்டும் வீடு எங்களுடையது.

நீர் மாத்திரையே கெடுதல் என்று நான் சொல்லவில்லை. இதயம் தளர்ந்து, உட்கார்ந்தபடியே தூங்கிய அப்பச்சிக்கு மூச்சுத் திணறலைத் தணித்தது இதே ஃபியூரோஸ்மைடுதான். அவருக்கு மருத்துவர் காலையில்தான் போடச் சொன்னார்; தினமும் எடை பார்க்கச் சொன்னார்; ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் மூன்றையும் சோதித்துக்கொண்டே இருந்தார். வயிற்றுப்போக்கு வந்தால் உடனே வரச் சொன்னார். அவரைப் போன்றவர்கள் என் கடிதத்தைப் பார்த்து மாத்திரையை நிறுத்திவிடவும் கூடாது.

நான் கேட்பது ஒரு திருத்தம். மருத்துவர் சொல்லாமல் நீர் மாத்திரை வேண்டாம், படுக்கும்முன் வேண்டவே வேண்டாம் என்று அடுத்த இதழில், அதே பக்கத்தில், ராசிபலனுக்குப் போடுகிற பெரிய எழுத்தில் போடுங்கள். ஆத்தா கண்ணாடி இல்லாமல் படிப்பது அந்த எழுத்தைத்தான்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
தேவகோட்டை.