மதுரையில் கூடிய நாடகாசிரியர்கள் சார்பில் ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

மார்கழியில் மதுரையில் நடந்த நாடகாசிரியர் சந்திப்பு நல்லபடியாக முடிந்து, வந்தவர்கள் எல்லாரும் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இம்பால் நண்பர்தான் கடைசி. கொல்கத்தாவில் பனிமூட்டத்தில் மாட்டிக்கொண்டு, ஒருவழியாக வீடு சேர்ந்ததாகச் செய்தி அனுப்பியிருக்கிறார். அது வந்த பிறகுதான் எங்களுக்கும் மூச்சு வந்தது.

முதல் நன்றி அழகர்கோவில் ரோட்டுக் கல்யாண மண்டபத்தின் உரிமையாளருக்கு. பணம் தருவதாகச் சொல்லியிருந்த ஓர் அமைப்பு கடைசி நேரத்தில் கைவிரித்தபோது, "மார்கழியில எவன் கல்யாணம் வைக்கப்போறான்? கரண்ட் பில்லை மட்டும் கட்டிருங்க" என்று சாவியைக் கொடுத்தவர் அவர். விடிவதற்கு முன்பே பக்கத்துக் கோயில் ஒலிபெருக்கி எழுப்பிவிடும் என்று விருந்தினர்களை முன்கூட்டியே எச்சரித்திருந்தோம். ஒருவரும் குறை சொல்லவில்லை. பாதிப் பேர் அந்த நேரத்தில்தான் எழுதவே உட்கார்ந்தார்கள்.

எழுத்தாளர்கள் கூடினால் கட்டுரை வாசித்து, பொன்னாடை போர்த்திக் கலைவது நம் பக்கத்து வழக்கம். எங்களுக்கு அதில் விருப்பமில்லை. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் வாட்டர்ஃபோர்ட் என்ற ஊரில் யூஜின் ஓ'நீல் நாடக மையம் 1965 முதல் ஒரு மாநாடு நடத்தி வருகிறது. அங்கே புது நாடகத்தை நடிகர்கள் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டே பார்வையாளர் முன் நிகழ்த்துவார்கள்; எழுதியவர் கேட்டுவிட்டுத் திருத்துவார். ஆகஸ்ட் வில்சன் என்ற அமெரிக்க நாடகாசிரியர் 1982-இல் அங்கே கொண்டுபோன நாடகம்தான் 1984-இல் நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேயில் ஏறியது. அந்த முறையைத்தான் நாங்களும் எடுத்துக்கொண்டோம். செட்டு, விளக்கு எதுவும் வேண்டாம்; ஆனால் வாசிக்கிறவர் தேர்ந்த நடிகராக இருக்க வேண்டும். கூலி கேட்காமல் வந்து உட்கார்ந்த மதுரை, திண்டுக்கல் நடிகர்களே, உங்களால்தான் இது நடந்தது.

ஒன்றை மட்டும் விவரமாகச் சொல்கிறேன். மட்டக்களப்பு நாடகாசிரியரின் பிரதியில், காணாமல் போன மகனைப் பற்றி விசாரிக்க அலுவலக வாசலில் நிற்கும் ஒரு தாய் வருகிறாள். அவளுக்கு இரண்டு பக்க வசனம். வாசித்த அம்மா முதல் நான்கு வரியைச் சொல்லிவிட்டு, கையிலிருந்த தாளை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார். வசனத்தை மறந்துவிட்டாரோ என்று நாங்கள் பதறினோம். எழுதியவர் பதறவில்லை. பேனாவை எடுத்து மீதி வசனம் முழுவதையும் அங்கேயே குறுக்காக அடித்துவிட்டு, "அக்கா, இது காணும். இதுக்கு மேல அவ கதைக்க மாட்டா" என்றார். 'காணும்' என்றால் அவர்கள் ஊர்ப் பேச்சில் 'போதும்'.

அதே நண்பர்தான் கொழும்பிலிருந்து வந்த சிங்கள நாடகத்தை வரிக்கு வரி தமிழில் எங்களுக்குச் சொன்னவர். இரவெல்லாம் அவரும் அந்தச் சிங்கள நாடகாசிரியரும் வராந்தாவில் உட்கார்ந்து சண்டை போட்டதையும் பார்த்தோம். நாடகத்தைப் பற்றிய சண்டை மட்டும்தானா என்று நாங்கள் கேட்கவில்லை. கன்னடம், மலையாளம், மராத்தி, மணிப்புரிப் பிரதிகளைத் தமிழில் தயார்செய்து தந்த கல்லூரிப் பிள்ளைகளுக்குத் தனியே கடமைப்பட்டிருக்கிறோம். செமஸ்டர் தேர்வு முடிந்த கையோடு வந்தவர்கள் அவர்கள்.

1980-இல் சென்னைக்கு அருகே சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் வங்க நாடகாசிரியர் பாதல் சர்க்கார் நடத்திய பட்டறையை நேரில் கண்ட மூத்தவர் ஒருவர் ஒரு மாலை வந்து பேசினார். மைக் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவருக்கு எங்கள் வணக்கம்.

இனி, ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களுக்கு. இவர்களைப் பற்றி நீட்டித்தான் எழுத வேண்டும். கதாநாயகனாக வரும் ராஜபார்ட் ஓர் ஊர், நாயகியாக வரும் ஸ்திரீபார்ட் ஓர் ஊர், சிரிக்க வைக்கும் பபூன் வேறோர் ஊர். தனித்தனியே தேதி கொடுத்து, ஒத்திகையே இல்லாமல் இரவு பத்து மணிக்கு மேடையில் சந்தித்து விடியும்வரை நடத்துவார்கள் என்று நாங்கள் சொன்னபோது வெளியூர் நண்பர்கள் நம்பவில்லை. புனேக்காரர் சிரித்தேவிட்டார். அன்றிரவு 'வள்ளி திருமணம்' நாரதர்–வள்ளி தர்க்கத்தை மட்டும் போடச் சொன்னோம். நாரதர் வேடக்காரர் சிவகங்கைப் பக்கம். வள்ளியாக வந்தவர் புதுக்கோட்டை. மண்டப வாசலில் டீ குடிக்கும்போதுதான் இருவரும் பார்த்துக்கொண்டார்கள்.

தர்க்கம் சூடுபிடித்தது. நாரதர் கேட்ட கேள்விக்கு வள்ளி நேராகப் பதில் சொல்லாமல் எதிர்க்கேள்வி ஒன்றைப் போட்டார். நாரதர் ஒரு கணம் தடுமாறினார். ஆர்மோனியக்காரர் அதற்குள் சுருதியைத் தூக்கிக் கொடுத்து, பாட்டுக்குள் அவரை இழுத்துக்கொண்டார். கதை தெரிந்த நமக்கே அடுத்து என்ன பேசுவார்கள் என்று தெரியாது. முடிந்ததும் இம்பால் நண்பர், இதை எழுதியவர் யார் என்று கேட்டார். "பாட்டு சங்கரதாஸ் சாமிகளோடது, பேச்சு எங்களோடது" என்றார் ஸ்திரீபார்ட் அம்மா. இந்த நாடகத்தை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் மறைந்தது 1922-இல். மறுநாள் காலை அமர்வுக்கு வைத்திருந்த தலைப்பை எல்லாருமே கைவிட்டுவிட்டு, அந்த அம்மாவை நடுவில் உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்கள். தான் பள்ளிக்கூடம் அதிகம் போகாதவள் என்று கூச்சப்பட்டவர், அரைமணி நேரத்தில் திருச்சூர் நாடகாசிரியரின் வசனத்தில் எங்கே மூச்சு வாங்க இடமில்லை என்று சுட்டிக்காட்டிக்கொண்டிருந்தார். பிரதியில் அந்த இடங்கள் திருத்தப்பட்டுவிட்டன என்பதை அவருக்குத் தெரிவித்துக்கொள்கிறோம்.

சமையல் மாஸ்டருக்கும் அவர் ஆட்களுக்கும் நன்றி. நள்ளிரவில் கட்டஞ்சாயா (பால் இல்லாத டீ) கேட்டவர்களையும் முகம் சுளிக்காமல் சமாளித்தீர்கள். ஜமக்காளம் தந்த பந்தல் கடைக்காரர், ஆம்னி பஸ் நிலையத்துக்கும் விமான நிலையத்துக்கும் அலைந்த ஆட்டோ தம்பிகள், பிரதிகளைக் கடனுக்கு ஜெராக்ஸ் போட்டுத் தந்த கடை அண்ணன் (பாக்கி அடுத்த வாரம் வந்துவிடும், அண்ணே) எல்லாருக்கும் எங்கள் அன்பு.

நன்கொடை தந்தவர்களுக்கு வரவு செலவுக் கணக்கைப் பொங்கலுக்கு முன் அனுப்பிவைப்போம். கொஞ்சம் மிச்சமும் இருக்கிறது. திருத்திய பிரதிகளைத் தமிழில் அச்சிட அதை வைத்துக்கொள்ளலாமா என்று உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சந்திப்பின் ஒருங்கிணைப்பாளர்கள், மதுரை