மிலிட்டரி தாத்தா வீட்டிலிருந்து ஒரு நன்றி மடல்

பெங்களூரு அல்சூர், மர்பி டவுன் சொந்தங்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் வணக்கம்.

தாத்தாவின் பதினாறாம் நாள் காரியம் போன ஞாயிற்றுக்கிழமை நல்லபடியாக முடிந்தது. வீடு வீடாக வந்து சொல்ல வேண்டிய நன்றி இது. அம்மா இன்னும் வெளியே வரும் நிலையில் இல்லை. அதனால் பேத்தி நான் எழுதுகிறேன்.

தாத்தாவுக்கு யாரிடமும் கடன்பட்டு இருக்கப் பிடிக்காது. ரோட்டைத் தாண்ட யாராவது கை பிடித்துவிட்டால்கூட மறுநாள் அவர்கள் வீட்டுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் போய்விடும். அதற்கென்றே மாதம் ஒருமுறை மிலிட்டரி கேன்டீனில் வாங்கி, பழைய டிரங்குப் பெட்டியில் அடுக்கி வைத்திருப்பார். கடைசி நாலு மாதத்தில் நீங்கள் எல்லோரும் செய்ததற்கு ஈடாக அந்தப் பெட்டியில் பிஸ்கட் கிடையாது.

1936ல் வேலூர்ப் பக்கம் பிறந்தவர். 1955ல் ராணுவத்தின் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸில் சேர்ந்து, பயிற்சிக்காக அல்சூர் ஏரிக்கரைக்கு வந்தார். 1979ல் ஹவில்தாராக ஓய்வு பெற்ற பிறகும் ஏரியை விட்டுப் போகவில்லை. ஊரில் நிலம் கிடக்கிறதே என்று பாட்டி கேட்டால், "அங்க காலையில பிகில் சத்தம் கேக்காது" என்பார். அவ்வளவுதான் காரணம்.

1971 டிசம்பரில் பாகிஸ்தானோடு நடந்த போரில், ஷகர்கர் பகுதியில், பசந்தர் ஆற்றங்கரையில் கண்ணிவெடி எடுக்கும் வேலையில் இருந்தார். சண்டையைப் பற்றி அதிகம் பேச மாட்டார். வேலையைப் பற்றிக் கேட்டால் பேசுவார். மாடியில் ரோஜாத் தொட்டிக்குள் ஒரு பின்னல் ஊசியைச் சாய்வாகச் செருகிக் காட்டுவார். "நேரா குத்தினா கண்ணிவெடி தலையில படும், வெடிச்சிரும். சாய்ச்சு விட்டா பக்கவாட்டுல தட்டும். தட்டினதும் கை நிக்கணும்." முழுசாக எடுத்து முடிக்கும் முன்பே நம் டாங்கிகள் கண்ணிவெடி வயலுக்குள் இறங்கிவிட்டன என்று சொல்லும்போது மட்டும் குரல் மாறும். அங்கே வீழ்ந்த டாங்கிப் படை அதிகாரி அருண் கேத்ரபாலுக்கு வயது 21. பரம்வீர் சக்ரா பெற்றவரை தாத்தா கடைசிவரை "அந்தப் பையன்" என்றுதான் சொன்னார்.

அந்தப் பழக்கத்தில்தான் நடைபாதையில் ஒவ்வொரு பலகைக் கல்லையும் கைத்தடியால் சாய்வாகத் தட்டிப் பார்த்துத்தான் கால் வைப்பார். நீங்கள் பார்த்துச் சிரித்திருப்பீர்கள், நானும் சிரித்திருக்கிறேன். அக்டோபரில் மழைத் தண்ணீர் தேங்கியிருந்த ஒரு நாள், தட்டாமல் வைத்த ஒரே கல் புரண்டுவிட்டது. இடுப்பெலும்பு முறிந்தது.

அன்றைக்கு அவரைத் தூக்கி உட்கார வைத்துக்கொண்டு, கன்னடத்தில் "தாத்தா, தாத்தா" என்று பேச்சுக் கொடுத்தபடியே ஓட்டிப்போன ஆட்டோக்கார அண்ணன் பணம் வாங்கவில்லை. முதலில் போன ஆஸ்பத்திரியில் முன்பணம் கட்டினால்தான் ஆச்சு என்று வாசலிலேயே நிறுத்திவைத்தார்கள். அது எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப்போவதில்லை. இரண்டாவது இடத்தில், முன்னாள் ராணுவத்தினர் மருத்துவத் திட்டத்துக்கு 48 மணி நேரத்துக்குள் தகவல் போய்விட வேண்டும் என்று எனக்குப் பொறுமையாகச் சொல்லி, பாரத்தையும் தானே நிரப்பிக் கொடுத்த கவுன்ட்டர் தம்பிக்கு நான் ஆயுசுக்கும் கடமைப்பட்டவள். ரத்தம் கொடுக்க வந்த கபடி டீம் பையன்களுக்கும், இரவில் தாத்தா போர்முனை நினைப்பில் "ஸ்டான்ட் டு!" (சண்டைக்குத் தயாராகு) என்று கத்தும்போதெல்லாம் திட்டாமல் எழுந்து வந்த சிஸ்டருக்கும் அப்படியே.

நவம்பரில் வாழ்வுச் சான்று கொடுக்க வேண்டும். பேங்க்கிலிருந்து ஒரு பெண் ரேகை மெஷினோடு மூன்று மாடி ஏறி வந்தார். தேய்ந்த கட்டைவிரல் மூன்று முறையும் பதியவில்லை. பிறகு போனில் முகத்தைக் காட்டி, கண்ணைச் சிமிட்டச் சொன்னார். "பென்ஷன் வாங்கறதுக்குக் கண்ணடிக்கணுமாம்மா?" என்றார் தாத்தா. விழுந்த பிறகு அவர் அடித்த முதல் ஜோக். அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று.

ஆனால் நான் மறக்கவே முடியாதது ஒரு போன் கால். மெட்ராஸ் சாப்பர்களைத் 'தம்பி' என்று அழைப்பது அந்தப் படையின் வழக்கம். தாத்தாவின் பழைய ஆபீசர் வடக்கத்திக்காரர், அவருக்கே எண்பதுக்கு மேல். ஜனவரியில் எப்படியோ நம்பரைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டார். நான் போனை தாத்தா காதில் வைத்தேன். "என்னா தம்பி, எப்பிடி இருக்கே?" என்று நல்ல தமிழில் கேட்டது எனக்கும் கேட்டது. எண்பத்தொன்பது வயதுத் தம்பி, படுத்தவாக்கிலேயே போர்வைக்குள் இரண்டு குதிகாலையும் சேர்த்தார். வலித்திருக்கும், முகத்தில் காட்டவில்லை. "நல்லா இருக்கேன் சாப்" என்றார். ஐயா, அந்த இரண்டு நிமிடத்துக்கு உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இட்லிக் கடை அக்கா நாலு மாதமும் தாத்தாவுக்கென்று காரமில்லாத சட்னி தனியாக அரைத்தார். கீழ்வீட்டு பாய் ஒருநாள் விடாமல் வந்து ஷேவ் செய்துவிட்டார். தாடியோடு இருப்பது தாத்தாவுக்கு ஒழுங்கீனம். கல்பள்ளி மயானத்துக்கு எடுத்துப்போகும்போது தெருமுனையில் ஒரு வயதான சர்தார்ஜி நின்று சல்யூட் அடித்தார். யாரென்று எங்களில் யாருக்கும் தெரியாது. இதைப் படித்தால் ஒருமுறை வீட்டுக்கு வாருங்கள்.

டிரங்குப் பெட்டியில் இன்னும் பதினோரு பாக்கெட் பிஸ்கட் இருக்கிறது. தேதி பார்த்துவிட்டேன், ஜூன் வரை நன்றாக இருக்கும். ஞாயிறு காலை வீட்டில்தான் இருப்போம். வந்து டீ குடித்துவிட்டு ஆளுக்கொன்று எடுத்துப் போங்கள்.